மூன்றாம் ஓலைக்கு முன் ஒரு பகல்

1934 ஜனவரி 21, ஞாயிறு

இன்று பூசையில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். "ராயபுரம் சவரிநாதன் மகள் பிலோமினாவுக்கும், காசிமேடு தவசிமுத்துவுக்கும்" என்று சாமியார் படித்தபோது முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். மூன்று ஞாயிறு இப்படிப் படிப்பார்கள். ஊரில் யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் போய்ச் சொல்லலாம். பெண்ணுக்கே இருந்தால்? அதை அவர் படிக்கவில்லை.

தவசிமுத்து நைனாவோடு துறைமுகத்தில் இருக்கிறவர். கிரேன் ஓட்டுகிறார். கல்லறைத் திருநாள் கழிந்த வாரம் அவர் பெண்சாதி பிரசவத்தில் போய்விட்டாள். மூன்று பிள்ளைகள். படுக்கையில் ஒரு தாயார். தவக்காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்குள் முடித்துவிடவேண்டும் என்று அவசரப்படுகிறார்கள்.

நல்ல மனிதர். குடிப்பதில்லை. எல்லோரும் என்னிடம் இதையே சொல்கிறார்கள்.

ஜனவரி 23

குழாயடி, மாவு, பாத்திரம். அண்ணிக்கு ஆறாம் மாதம், கால் வீக்கம். எழுதக் கை வரவில்லை.

ஜனவரி 26, வெள்ளி

அம்மா செத்த வருஷம் ஐந்தாம் வகுப்போடு நின்றேன். அன்றிலிருந்து இந்த வீட்டுக்கு நான்தான் கை கால். அண்ணன் கல்யாணம் செய்துகொண்டால் அண்ணி வந்து பாதி வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். அண்ணி வருஷத்துக்கு ஒன்று பெறுகிறாள்.

இன்று அம்மிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அண்ணி பார்த்துவிட்டாள்.

"இன்னா, கல்யாணப் பொண்ணு கனவு கண்டுகினு கீறியா?"

"இல்ல அண்ணி. அசதி."

"இந்த வயசுல இன்னாடி அசதி? அங்க போனாலும் இதே அம்மிதான். ஆனா அது உன் வூட்டு அம்மி."

ஆறுதலாகத்தான் சொன்னாள்.

ஜனவரி 28, ஞாயிறு

இரண்டாம் ஓலை. பூசை முடிந்து தவசிமுத்து பிள்ளைகளோடு வந்தார். கைக்குழந்தையை என் மடியில் வைத்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தது. பாவம்.

"இன்னா மாமா, உங்க பொண்ணு வாயத் தொறந்து நான் பார்த்ததே இல்ல. பல்லு கீதா இல்லியா?" என்றார் நைனாவிடம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

ஜனவரி 30

உலகம் சுற்றுகிற வெள்ளைக்காரர்களின் கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வந்திருக்கிறதாம். நாளை எல்லோரும் ஊர் பார்க்கப் போகிறார்கள். கால் சுளுக்கிய ஒரு கிழவி மட்டும் கப்பலிலேயே இருக்கப்போகிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஒரு பெண் வேண்டும். கொஞ்சம் இங்கிலீஷ் தெரியவேண்டும், தொணதொணக்கக் கூடாது.

"தொணதொணக்காத பொண்ணுன்னா மெட்ராஸ்லயே நம்ம பிலோமிதான்," என்று தவசிமுத்து சொல்லிவைத்துவிட்டார். "கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு நாளு குஷியா இருந்துட்டு வரட்டும் மாமா."

ஜனவரி 31, புதன்

எங்கிருந்து தொடங்குவது?

காலையில் நைனா கப்பல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. அத்தனை கரித்தூளுக்கு நடுவில் அது மட்டும் எப்படி வெள்ளையாக நிற்கிறதோ. என் பாதத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

துரைசானி அம்மாள் மேல்தளத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். காலில் கட்டு. பக்கத்து நாற்காலியை எனக்குக் காட்டினார். நான் தரையில் உட்கார்ந்தேன். மறுபடியும் காட்டினார். விளிம்பில் உட்கார்ந்தேன். தண்ணீர் கேட்டால் கொடுக்கவேண்டும் — அதுதான் வேலை. அவர் கேட்கவே இல்லை.

முதலில் பயமாக இருந்தது. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்ததுபோல. சும்மா இருக்கக் கைக்குத் தெரியவில்லை. முந்தானையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து ராயபுரம் தெரிகிறது. கோயில் கோபுரம் தெரிந்தது. எங்கள் தெரு தெரியவில்லை, வெறும் புகை. அந்தப் புகைக்குள்ளே அண்ணி இப்போது என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருப்பாள். எனக்குக் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

கீழே கிரேனிலிருந்து தவசிமுத்து அண்ணாந்து பார்த்துக் கையை ஆட்டினார். இந்த நாளை எனக்குக் கொடுத்ததே அவர்தான். நானும் கையை ஆட்டியிருக்கலாம். குனிந்துகொண்டேன்.

நடுப்பகலில் மணி அடித்தது. நான் எழுந்து நின்று சிலுவை போட்டு, வாய்விட்டுத் திரிகால ஜெபம் சொல்லத் தொடங்கிவிட்டேன். சாப்பாட்டுத் தட்டோடு வந்தவர் சிரித்தார். லியோனார்ட் என்று பெயர், கப்பலில் பரிமாறுகிறவர், தூத்துக்குடிக்காரர்.

"இது கோயில் மணி இல்ல பாப்பா. ஆள் மாத்துற மணி."

"ஆளா?"

"ஆமா. காலைல இருந்து நின்னவன் இப்பம் போய்ப் படுப்பான். அவன் எடத்துல இன்னொருத்தன் வருவான். அவனுக்கும் ஒரு மணி அடிக்கும்லா. நின்னவனே நின்னா கப்பல் ஓடுமா?"

ரொட்டி, கோழி, கிண்ணத்தில் பல் கூசுகிற இனிப்பு. தின்று முடித்துத் தட்டைக் கழுவ எழுந்தேன். அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு தூங்கியிருக்கிறேன். எப்போது என்று தெரியாது. விழித்தபோது வெயில் மேற்கே இருந்தது, என்மேல் ஒரு கம்பளி. துள்ளி எழுந்து, "சாரி, மேடம்" என்றேன்.

வயது என்ன என்று கேட்டார். பதினாறு என்றேன். உடம்பு சரியில்லையா? இல்லை. அப்புறம் இன்னொன்று கேட்டார் — களைப்பா என்று. அந்த வார்த்தை எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் படித்தது. "எஸ்" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த மணியையே நினைத்துக்கொண்டு வந்தேன். தவசிமுத்துவின் பெண்சாதி நின்ற இடம் காலியாக இருக்கிறது. அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அங்கே என்னை நிறுத்தப்போகிறார்கள். எனக்கு எப்போது மணி அடிக்கும்? நானும் செத்தால்தானா?

பிப்ரவரி 1

கப்பல் போய்விட்டது. குழாயடியில் ஊதல் கேட்டது.

பிப்ரவரி 3, சனி

கல்யாணத்துக்கு முன் சாமியார் மாப்பிள்ளையையும் பெண்ணையும் கூப்பிட்டு ஜெப மந்திரங்களை ஒப்பிக்கச் சொல்வார். தெரியாவிட்டால் படித்துவிட்டு வரவேண்டும், அதுவரை கல்யாணம் இல்லை. இன்று போனோம். தவசிமுத்து பத்துக் கற்பனையில் தடுமாறினார். "கிரேன் இரைச்சல்ல எல்லாம் பறந்துபூடுச்சு சாமி," என்றார். சாமியார் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

பிறகு என்னிடம், "விசுவாச மந்திரம் சொல்லம்மா."

தினமும் சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பதே அதுதான். சாமியாருக்கும் தெரியும். எல்லா வார்த்தையும் நாக்கில் வந்து நின்றது. முதல் வார்த்தையை விட்டால் மீதி தானாக வந்துவிடும். கல்யாணமும் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

"தெரியாது சாமி."

"இன்னா பிலோமி இது," என்றார் நைனா. "தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவியே."

சாமியார் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "பரமண்டல மந்திரம்?"

"தெரியாது."

"சிலுவையாவது போடத் தெரியுமா?"

போட்டேன். சாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நைனாவிடம் சொன்னார்: "பெண்ணுக்கு மந்திரம் வரவில்லை. நாளைக்கு ஓலை வாசிக்க முடியாது. தவக்காலம் முடிந்து பாஸ்குத் திருநாள் கழியட்டும்."

"பாஸ்கு வரைக்கும் எப்படி சாமி?" என்றார் தவசிமுத்து. "வூட்ல பச்சக் கொழந்த கீதே."

சாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். வழியெல்லாம் நைனா பத்தடி முன்னாலேயே நடந்தார்.

பெரிய பொய். அதுவும் சாமியாரிடம். நாளைப் பூசையில் நன்மை வாங்க நாக்கை நீட்டமாட்டேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

வேறு யாருடைய ஓலையோ வாசித்தார்கள். நைனா தன் கஞ்சியைத் தானே ஊற்றிக்கொண்டார். "பரமண்டல மந்திரம் தெரியாத பொண்ணுக்குப் பாத்திரம் தேய்க்கவாவது தெரியுமா?" என்றாள் அண்ணி. தேய்த்தேன்.

பிப்ரவரி 9

குழாயடியில் தவசிமுத்து சைக்கிளை நிறுத்தினார். எல்லோரும் பார்த்தார்கள்.

"இஷ்டம் இல்லேன்னா என்னாண்டயே சொல்லக்கூடாதா? நான் இன்னா புலியா கரடியா? உங்க நைனாவுக்குத்தான் தலைகுனிவு."

அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. அதைச் சொல்ல நினைத்தேன். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"கப்பல்ல நல்லா கவனிச்சிகினாங்களா?" என்றார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டே.

தலையை ஆட்டினேன். போய்விட்டார்.

மார்ச் 20

அண்ணிக்கு மாதம் நெருங்குகிறது. இப்போது துணியும் நான்தான். இத்தனை நாள் கழித்து நைனா இன்று என்னிடம் "தண்ணி" என்றார். கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 15, ஞாயிறு

பூசையில் தவசிமுத்துவின் ஓலை வாசித்தார்கள். பெண்ணுக்கு ஊர் நெட்டுக்குப்பம்.

அண்ணி கோயில் வாசலிலேயே எல்லாம் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பொண்ணு ஒரு மந்திரத்துல கூட தடுமாறலியாம். கேட்டதெல்லாம் கடகடன்னு சொல்லிச்சாம்."

பதினைந்து வயதாம்.