பாங்குக்கு அனுப்பாத விலாசம்

திருவனந்தபுரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள சத்தியதாஸ் அண்ணனுக்கு,

சிஜி எழுதுவது. ஷார்ஜாவில் நீங்களும் ஜிஷா மைனியும் பிள்ளைகளும் சுகமாயிருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக. அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. படி இறங்க முடியாததால் ஞாயிறு ஆராதனையை டிவியில்தான் பார்க்கிறாள். மைனி கொடுத்துவிட்ட தைலம் கேட்கிறது என்கிறாள்.

கடைப் பணம் போனதைப் பற்றிப் போனில் நீங்கள் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. நீங்கள் கோபமாக இருந்தீர்கள், பக்கத்தில் அம்மா இருந்தாள். பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள், கேட்டோ.

நம் ஆன்லைன் கடையில் ஒரு ஆர்டர் வந்தது. கைக்குழந்தைச் சட்டைகள், தொட்டில், கடுகுத் தலையணை எல்லாம் சேர்த்துப் பெரிய ஆர்டர். வெளிநாட்டுக் கார்டு. பில் விலாசம் ஆஸ்திரேலியா, பொருள் போக வேண்டியது இங்கே கேரளத்தில் ஒரு ஊருக்கு. எந்த ஊர் என்று உங்களுக்கும் எழுதமாட்டேன். புது ஆள், சீக்கிரம் வேண்டும் என்று வேறு குறிப்பு. பேமெண்ட் கம்பெனியும் சந்தேகம் என்று குறி போட்டுவிட்டது. முன்பு திருட்டுக் கார்டில் ஒருவன் நம்மை ஏமாற்றிய பிறகு நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன். பார்சலைக் கட்டாமல் நிறுத்திவைத்து, கார்டின் படத்தைக் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும்படி அனுப்பச் சொன்னேன். ஒரு பெண் அனுப்பினாள். கார்டில் அவள் பெயர்தான் இருந்தது. கணவர் கணக்கில் மனைவிக்குக் கொடுக்கிற கார்டாம். பெயர் சரியாக இருந்ததால் பழவங்காடி கூரியர் ஆபீஸில் நானே கொண்டுபோய்ப் போட்டேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டதாகத் தகவலும் வந்தது.

அதற்குப் பிறகுதான் பாங்கிலிருந்து கடிதம் வந்தது. இது நான் செய்த ஆர்டர் இல்லை, கார்டு மோசடி என்று கணக்குக்காரர் புகார் கொடுத்திருக்கிறார். பணத்தை அவர்கள் நம் கணக்கிலிருந்து உடனே எடுத்துக்கொண்டார்கள். பொருள் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் இருந்தால் அனுப்பு என்றார்கள். ஆதாரம் என்னிடம் இருந்தது. பில், கூரியர் ரசீது, விலாசம், கையெழுத்து. இதையெல்லாம் அனுப்பியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று நீங்கள் சொன்னது சரிதான். அனுப்பத்தான் உட்கார்ந்தேன்.

அப்போது புகார் கொடுத்த அந்தக் கணவரே கடைக்குப் போன் செய்தார். நல்ல மரியாதையாக, மலையாளத்தில் பேசினார். புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், பார்சல் எங்கே போயிற்று என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். விலாசம் சொல்வது வழக்கமில்லை என்றேன். உடனே அழுதார் அண்ணா. மனைவி சொல்லாமல் வந்துவிட்டாளாம், பிள்ளை பிறந்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லையாம். விலாசம் கம்ப்யூட்டரில் என் கண்முன்னே இருந்தது. ஒரு வரிதான், வாசித்துவிட்டால் பணம் திரும்பும், அந்த மனிதரும் அழமாட்டார். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். கடையின் பெயரைச் சொல்லி, உங்கள் கணவர் போன் செய்தார் என்றேன். பணத்தைப் பற்றியோ புகாரைப் பற்றியோ அவள் ஒன்றும் கேட்கவில்லை.

“அட்ரஸ் கொடுத்தோ, சேச்சி?”

அவ்வளவுதான் கேட்டாள். பின்னால் குழந்தை அழுகிற சத்தம். கொடுக்கவில்லை என்றேன். அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பிறகு, பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தந்துவிடுகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். ஆணா பெண்ணா என்றுகூட நான் கேட்கவில்லை.

பாங்குக்கு நாம் அனுப்புகிற காகிதம் புகார் கொடுத்தவர் கைக்கும் போகும் அண்ணா. அதனால்தான் அனுப்பவில்லை. மறந்தோ சோம்பலாலோ இல்லை. அந்த மனிதர் நல்லவராகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தில் நான் தப்பாகச் செய்தால் அடி வாங்குவது நான் இல்லை, அவள்.

இன்னொரு புகார் வந்தால் கணக்கை மூடிவிடுவோம் என்று பேமெண்ட் கம்பெனி எழுதியிருக்கிறது. கணக்கு உங்கள் பெயரில் இருப்பதால் அந்தக் கடிதம் உங்களுக்கும் வந்திருக்கும். நீங்கள் போட்ட பணத்தை நான் மறக்கவில்லை. ஸ்கூல் யூனிபார்ம் தைக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன், அதில் நேராகிவிடும். ஆனால் எனக்கு அலுத்துவிட்டது அண்ணா. ஒவ்வொரு பெயரையும் இது உண்மையா கள்ளமா என்று பார்த்துப் பார்த்து, நல்ல மனிதர்கள் ஆர்டர் போட்டால்கூட இப்போது சந்தோஷம் வருவதில்லை.

ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன். நாகர்கோவில் ஹாஸ்டலில் நான் ஒளிந்திருந்தபோது சுனில் உங்களுக்குப் போன் செய்து அழுதார். புருஷன் பெண்டாட்டி சேர்ந்தால் நல்லது என்று நினைத்து நீங்கள் இடத்தைச் சொன்னீர்கள். அதில் உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. யாராயிருந்தாலும் அந்த அழுகையை நம்பியிருப்பார்கள், நானே எத்தனையோ முறை நம்பியிருக்கிறேன். ஆனால் மறுநாள் ஹாஸ்டல் வாசலில் நடந்ததை அம்மா உங்களுக்கு முழுதும் சொல்லவில்லை. நானும் சொன்னதில்லை. இடது கையைத் தூக்கித் தலைவார முடியாததற்குத் தையல் மெஷின்தான் காரணம் என்று மைனியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

போன வாரம் சுனில் திரும்பவும் உங்களைக் கூப்பிட்டதாக மைனி அம்மாவிடம் சொன்னார்களாம். குடியை விட்டுவிட்டார், ஜெபக்கூட்டத்துக்குப் போகிறார் என்று கேள்வி. அப்படியே இருக்கட்டும், அவருக்கு நல்லது. கர்த்தர் அவரையும் காக்கட்டும், உங்களையும் காக்கட்டும். நீங்கள் அவரிடம் சண்டை போடவும் வேண்டாம். என்னைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். எந்த ஊர் என்றுகூடச் சொல்ல வேண்டாம். அழுதாலும் சொல்ல வேண்டாம், அண்ணா.

உங்கள் தங்கை,
சிஜி