பிணவறை வாசலில் ஒரு தம்பி

எல்லா உயிருள்ளும் உறையும் இறைவன் துணை.

அன்பு இல்லாளுக்கு ஆசிகள். நான் நலம்; உன் மூட்டுவலி தணிந்ததா?

இங்கு என் அறையிலிருந்த வண்டியோட்டி விபத்தில் இறந்தான். அவனோடு இல்லறம்போல் வாழ்ந்த வெல்டர், தெரிந்தால் நாடு கடத்துவரென்று அழவும் அஞ்சினான்.

பிணவறைக் காவலாளி நம் மொழிக்காரர். "சொந்தக்காரங்க மட்டுந்தான். நீ யாருப்பா?" என்று வெல்டரைக் கேட்டார். இறந்தவனுக்காகப் பிரார்த்திக்க உடன் சென்ற நான், "கூடப்பிறந்த தம்பிய்யா, விடுங்க" என்றேன். பொய்தான், இறைவன் பொறுப்பான். உள்ளே அவன் இறந்தவனின் பாதங்களைப் பற்றி ஓசையின்றி அழுதான்.

"என்ன பெரியவரே, தம்பியா, பொண்டாட்டியா?" என்று அறையினர் நகைத்தனர். இப்போது எங்களோடு எவரும் உண்பதில்லை. கவலற்க, இருவராய் உண்கிறோம்.

இரண்டு போர்வைகள் அனுப்பு. அவனை நலம் கேட்க ஊரில் எவருமில்லை. உன் மடலில் ஒரு வரி கேள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நீயும் மக்களும், துணையிழந்த அவனும் இறையருளால் வாழ்க.