கிளாலிக்குப் போகவேண்டிய பிக்கப்

93.12.08 புதன்

விடியவிருந்து தூறல். வாடைக்காத்து. பிக்கப் ஸ்டார்ட் வரேல்லை. பக்கத்து வளவுப் பெடியளைக் கூப்பிட்டுத் தள்ளு தள்ளெண்டு தள்ளினம். ஒழுங்கை முகப்பிலை ஒருக்காச் செருமிப்போட்டு நிண்டிட்டுது. கோதாரி.

அடுத்த கிழமை சனி, 18, கிளாலியிலை கடலேரி தாண்டப் படகு. என்ரை மனிசி இராசம் கிணத்தடியிலை விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு கிடக்கிறாள். கொழும்புக்குக் கொண்டுபோய்த்தான் வெட்டிப் பொருத்தவேணும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அவளாலை எழும்பி இருக்கேலாது. வானும் சரிவராது, பஸ்சும் சரிவராது. பின்னுக்கு மெத்தையைப் போட்டுப் படுக்கவைச்சுத்தான் கொண்டுபோகவேணும். அதுக்கு உந்தச் சனியனை விட்டால் வேறை வண்டி இல்லை. இயக்கம் தந்த பாஸும் அந்த ஒரு நாளுக்குத்தான். கூடப் போறது அவளின்ரை தங்கச்சி மலர். ரெண்டுபேரும் திரும்பி வருவினம் எண்டதுக்கு நான் பிணை. பிணை நிக்கிறவன் இஞ்சை நிக்கவேணும்.

பின்னேரம் சின்னராசாவுக்கு ஆள் அனுப்பினன். நாளைக்கு வாறனெண்டவனாம்.

வியாழன்

சின்னராசா வந்தான். மயிலிட்டியிலை படகு எஞ்சின் பாத்தவன், இடம்பெயர்ந்து வந்து இப்ப உரும்பிராயிலை கண்டதெல்லாம் பாக்கிறான். பொனற்றைத் திறந்து ரேர்போவைக் கண்டோடனை முகம் சுழிச்சான்.

"உதென்ன அண்ணை, நத்தை மாதிரி?"

புகை போற வேகத்திலை சுத்தி எஞ்சினுக்குக் காத்தை அடிச்சுக் குடுக்கிற சாமான் எண்டு சொன்னன்.

"கடல் எஞ்சினுக்கு உதெல்லாம் இல்லை. உது இல்லாமலே நாங்கள் இந்தியாவுக்குப் போய் வந்தனாங்கள்."

பில்டரைக் கழுவினான். பம்பிலை காத்துப் பிடிச்சிருக்காம், காத்து எடுத்தான். பதினொண்டரைபோலை ஒரே தள்ளிலை ஸ்டார்ட். நெஞ்சை நிமித்திக்கொண்டு தேத்தண்ணி கேட்டுக் குடிச்சான். சீனி இல்லை, பனங்கட்டி.

ஓடுது. ஆனால் கரும்புகை. இழுவையும் இல்லை. உந்தப் புகையோடை தென்மராட்சி வெளியிலை போனால் ஆமியின்ரை ஹெலிக்காரனுக்கு நாங்களே கைகாட்டிக் கூப்பிட்ட மாதிரித்தான்.

வெள்ளி

காலமை பழையபடி செத்த பிணம். மத்தியானம் வெயில் எறிக்க ஓடுது. காலமை ஏன் ஓடேல்லை, மத்தியானம் ஏன் ஓடுது? ஒரு மண்ணும் விளங்கேல்லை.

சின்னராசா இஞ்செக்ரர் நாலையும் கழட்டி வாழையிலையிலை பரப்பி வைச்சிருக்கிறான். மண்ணெண்ணெய் குடிச்சுக் குடிச்சு வாய் தேஞ்சுபோச்சாம். அரசாங்கத்தின்ரை தடையாலை டீசலின்ரை மணமே மறந்துபோச்சு எங்களுக்கு. மண்ணெண்ணெய் தனிய விட்டால் பம்ப் காய்ஞ்சு இறுகும், அதுக்கெண்டு தேங்காயெண்ணெயும் சேர்த்துத்தான் எல்லாரும் ஓட்டினம். ஊரிலை மற்றவன் வண்டியெல்லாம் ஓடுதுதானே! என்னுடையதுக்கு மட்டும் என்ன கேடு?

இராசம் உள்ளுக்குக் கிடந்து: "இஞ்சரப்பா, சத்தத்தைக் காணேல்லை. கழட்டியாச்சோ, உடைச்சாச்சோ?"

சனி

சின்னராசா பம்பைத் திருப்பிப்போட்டான். முந்தி நிண்ட இடத்துக்கு அடையாளம் வைக்காமல்! இப்ப எஞ்சின் உலக்கை போட்டு இடிக்கிற சத்தம். ஏன்ரா அடையாளம் வைக்கேல்லை எண்டு கேட்டால், "காது இருக்கண்ணை" எண்டு சொல்லுறான். காதாம். பொழுதுபட மட்டும் காதாலை கேட்டுக் கேட்டுத் திருப்பி, பழைய இடத்துக்கு ஏறக்குறையக் கொண்டுவந்தாச்சு. ஏறக்குறையத்தான்.

"நத்தையைக் கழட்டி எறிவம் அண்ணை. அதுதான் வில்லங்கம்."

"அதிலை கை வைச்சியோ, உன்னைக் கழட்டி எறிவன்."

கோவிச்சுக்கொண்டு போயிட்டான். போகட்டும்.

ஞாயிறு

மழை. ஆரும் வரேல்லை. வரேல்லை எண்டதும் பொய். புத்தி சொல்லுற ஆக்கள் எல்லாரும் வந்தவை. கண்ணூறு நாவூறாம், தேசிக்காய் வெட்டட்டாம். புகைக்குழாய்க்குள்ளை எலி இருக்குமாம். கோப்பாயிலை ஒருத்தன் ரக்ரர் வைச்சிருக்கிறானாம், பெட்டியிலை ஏத்திக்கொண்டு போகலாமாம். ரக்ரர் பெட்டியிலையோ! கைதடி தாண்ட முதலே இவளின்ரை மற்ற எலும்பும் முறிஞ்சுபோம். தலையை ஆட்டி அனுப்பினன்.

பாண் இல்லை. இரவு ஒடியல் கூழ், மலர் காச்சினவள். உறைப்பு.

திங்கள்

குளிர். மலர் கோயிலுக்குப் போயிட்டாள், இராசத்துக்குத் தலை இழுத்துவிட நான்தான். தேங்காயெண்ணெய்ப் போத்திலைக் கவிட்டால் ஒரு சொட்டும் வரேல்லை. வெள்ளையாய் இறுகிப்போய்க் கிடக்குது.

"மார்கழி பிறக்கப்போகுது, உறையாமல் என்ன செய்யும்? கொண்டுபோய் அடுப்படியிலை வையுங்கோவன்."

போத்திலும் கையுமாய் அப்பிடியே நிண்டன். பிறகு ஓடினன். "எங்கையப்பா ஓடுறியள், தலையை அரைகுறையிலை விட்டிட்டு!" எண்டு கத்துறாள்.

டாங்கியின்ரை அடித்திருகாணியைக் கழட்டினால் ஒண்டும் வரேல்லை. கம்பி விட்டுக் குத்தினன். நெய்க்கட்டி மாதிரிப் பிதுங்கிக்கொண்டு வருது. எல்லாரும் வேறை வாளியிலை ரெண்டையும் கலக்கி, துணியாலை வடிச்சு விடுறவை. எனக்கு அந்தப் பொறுமை இல்லை. முதல் எண்ணெயை நேரை டாங்கிக்குள்ளை ஊத்தி, மேலாலை மண்ணெண்ணெயை விடுறனான். சித்திரை வைகாசியிலை அது தானாய்க் கலந்துது. இந்தக் குளிருக்கு எண்ணெய் அடியிலை போய் இறுகி, குழாய் வாயை அடைச்சுக்கொண்டு படுத்திருக்கு. வெயில் ஏற இளகுது. அதுதான் மத்தியானத்துச் சுகம்!

என்ரை முட்டாள்தனத்துக்கு நாலு இஞ்செக்ரரும் ஒரு பம்பும் தண்டனை அனுபவிச்சிருக்கு.

இராசத்துக்குச் சொன்னன். இடுப்பு நோகுது எண்டு கையைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறாள். "என்ரை தலைக்கு ரெண்டு துளி விடக் கணக்குப் பாக்கிற மனிசன், வண்டிக்குப் போத்தில் போத்திலாய்."

செவ்வாய்

நேற்றே டாங்கியைக் கழுவி, ரெண்டையும் வாளியிலை கலக்கி வடிச்சு விட்டன். காலமை ரெண்டாம் தள்ளிலை ஸ்டார்ட். கடவுளே.

சின்னராசாவை நானே போய்க் கூட்டிவந்தன். எண்ணெய்க் கதையைச் சொன்னன். "அப்ப நான் கழட்டினதெல்லாம்?" எண்டான். ரெண்டுபேரும் பிழைதானே.

புகை மட்டும் குறையேல்லை. மிதிக்க மிதிக்கக் கறுப்பு, வேகம் இல்லை. ஓடி ஓடிப் பாத்தம். உள்ளுக்கிருந்து இராசம்: "இஞ்சேருங்கோ, உது ஏன் விசிலடிக்குது? முந்தி உப்பிடி இல்லையே."

எஞ்சின் தலைமாட்டிலை நிண்ட எங்களுக்கு இரைச்சலிலை கேக்கேல்லை. படுத்திருக்கிறவளுக்குக் கேக்குது.

சைக்கிள் ஒட்டுக்குக் காத்துப் பாக்கிறமாதிரி சவுக்கார நுரை பூசச் சொன்னன். மலரிட்டைக் கெஞ்சி ஒரு துண்டு வாங்கினம். சவுக்காரம் விக்கிற விலைக்கு அவள் முறைச்ச முறை! சின்னராசா பூச நான் மிதிச்சன். ரேர்போவிலையிருந்து எஞ்சினுக்குக் காத்துப் போற றப்பர்க் குழாய், கண்ணிலை படாத அடிப்பக்கம் நீளத்துக்கு வெடிச்சிருக்கு. நுரை சீறிப் பறக்குது. அடிச்ச காத்தெல்லாம் அதாலை வீணாய்ப் போய், எரியாத எண்ணெய் கரும்புகையாய் வந்திருக்கு.

"பாத்தியோ? நத்தையிலை ஒரு பிழையும் இல்லை."

"ஓம் அண்ணை. நத்தை நல்ல பிள்ளை."

குழாய்க்கு எங்கை போறது? இந்தக் குடாநாட்டிலை அது கிடையாது. சின்னராசா தன்ரை சைக்கிளைச் சரிச்சுப் போட்டான். முன் சில்லைக் கழட்டி ரியூப்பை உருவினான். வேண்டாமடா எண்டன், கேக்கேல்லை. நாடாவாய் வெட்டி, இழுத்து இழுத்துச் சுத்தி, மேலாலை கம்பி முறுக்கினான். மீன்வலை கட்டுற முடிச்சு. பிறகு சைக்கிளின்ரை முன்பக்கத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நடந்து போனான். உவனோடை இனி எப்பிடிக் கோவிக்கிறது?

வியாழன்

மண்மூட்டை ஏத்தி, கோப்பாய் வெளிச் சேத்து ஒழுங்கையிலை ஓட்டம். இழுக்குது! பழைய இழுவை. புகை கொஞ்சந்தான். ரியூப் கட்டுச் சூடாகுது, ஆனால் விடேல்லை. சின்னராசா பின்பெட்டியிலை மெத்தை விரிக்கிற இடத்திலை மல்லாந்து படுத்துப் பாத்தான். எங்கை குலுக்குது எண்டு சொல்லுறதுக்காம். "அண்ணை, மூண்டாம் கியரிலை போங்கோ, தொட்டில்."

வில்லுத்தகட்டுக்கு மேலை சாக்கு. பொலித்தீன். கயிறு. தண்ணிப் போத்தில். மருந்து. மிச்ச ரியூப் நாடா.

வெள்ளி

ஒண்டும் மிச்சமில்லை செய்ய. அதுதான் கரைச்சல். வேலை இருந்தால் நினைக்கத் தேவையில்லை.

இராசம் கேட்டாள்: "உண்மையைச் சொல்லுங்கோ. வண்டி ஓடாட்டி நல்லம் எண்டு நினைச்சனீங்களோ?"

"ஏன் உந்த விசர்க் கதை?"

"நான் நினைச்சனான்."

நானும்தான் நினைச்சனான். திங்களுக்கு முதல், ஒருக்கா ரெண்டுதரமில்லை. கடலிலை நேவி நிக்குது, என்ன நடக்குமெண்டு ஆருக்குத் தெரியும். "நீர் நித்திரையைக் கொள்ளும். காலமை எழும்ப வேணும்" எண்டு சொன்னன். பயமாய்க் கிடக்கு.

சனி

ஒரே தள்ளு. கைதடிப் பாலத்திலை காத்து. சாவகச்சேரி தாண்டி ஹெலிச் சத்தம், மரத்துக்குக் கீழை ஒதுக்கினன், இவளுக்கு மேலை தென்னோலைக் கிடுகு. எஞ்சினை நிப்பாட்டேல்லை, நிப்பாட்டினால் தள்ள ஆளில்லை. புகை இல்லை. ஹெலி போயிட்டுது.

கொடிகாமத்துக்கு அங்காலை றோட்டெண்டு ஒண்டு இல்லை, சேறு. மூண்டு வான் புதைஞ்சு கிடக்கு. நான் பக்கத்தாலை ஏறினன், சீறிக்கொண்டு இழுத்துது. பின்னாலை இராசம் "மெல்ல! மெல்ல!" எண்டு கத்தினவள், பேந்து சத்தம் இல்லை. பயந்துபோய்த் திரும்பிப் பாத்தால் சிரிச்சுக்கொண்டு கிடக்கிறாள்.

கரையிலை கதவுப் பலகையிலை கிடத்தி நாலுபேர் தூக்கிப் படகிலை வைச்சவை, மலரும் ஏறினாள். என்ரை கையைப் பிடிச்சிருந்தாள். படகுக்காரன் "விடுங்கோ அண்ணை" எண்டான். விட்டன். இருட்டிலை முகம் தெரியேல்லை.

ஞாயிறு

திரும்பி வந்தன். வழியிலை ரியூப் கட்டு அவிழேல்லை. சாப்பிடேல்லை. சின்னராசா வந்து கொஞ்சநேரம் இருந்திட்டுப் போனான்.

திங்கள்

செய்தி இல்லை. மழை. கடல் பக்கம் வெடிச்சத்தம் கேட்டதெண்டு ஒரு அறுவான் சந்தியிலை நிண்டு சொல்லுறான். வாயைப் பொத்தடா எண்டு சண்டைக்குப் போனன். சனம் பிடிச்சு விலத்தினது.

செவ்வாய்

அக்கரையிலையிருந்து வந்த ஒரு வியாபாரி வீடு தேடி வந்தான். சனி போன படகு கரை சேர்ந்திட்டுதாம். வவுனியாவுக்கு லொறியிலை ஏத்தி அனுப்பினதைத் தன்ரை கண்ணாலை கண்டவனாம். இராசம் சொல்லச் சொன்னதாம்: "போகேக்கை படுத்துக்கொண்டு போனன். வரேக்கை முன் சீற்றிலை இருந்துகொண்டுதான் வருவன் எண்டு அந்த மனிசனுக்குச் சொல்லுங்கோ."

அவன் போகுமட்டும் பொறுத்திருந்து அழுதன்.

பின்னேரம் முன் சீற்றிலை கிடந்த நட்டுக் கழட்டுற சாவி, ஊத்தைத்துணி, றப்பர்த்துண்டு எல்லாத்தையும் அள்ளி வெளியிலை எறிஞ்சன். குசன் ஒரு பக்கம் கிழிஞ்சு கம்பி தள்ளிக்கொண்டு நிக்குது. இடுப்பிலை குத்தும். தும்பு வைச்சுத் தைக்கவேணும்.