மூன்றாம் கட்டத்து அரக்கி

வியாழக்கிழமை, இரவு

கேம் டிசைன் வகுப்பில் நாங்கள் செய்த விளையாட்டை இன்று வெளியாட்கள் ஆடிப் பார்த்தார்கள். ஆடுபவர் எவ்வளவு தடுமாறினாலும் செய்தவன் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. என் வாய்க்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

என் கூட்டாளி புனிதாவின் அம்மா பத்து பகாட் ஊரிலிருந்து வந்திருந்தார். துணி ஃபேக்டரியில் வேலை. இடது காலைச் சற்று இழுத்து நடப்பார். மூன்றாம் கட்டத்தில் வழிமறிக்கும் அரக்கிக்கு அந்த நடையையும் அவருடைய ஃபேக்டரி நீலச் சீருடையையும் கொடுத்தது நான்தான். வகுப்புப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்றாம் கட்டம் என் பங்கு என்பதால் புனிதாவுக்குத் தெரியாது. இன்றைக்குள் மாற்றிவிட நினைத்து மறந்துபோனேன்.

அரக்கி வந்ததும் ஆன்ட்டியின் விரல்கள் நின்றன.

"தம்பி, இவங்கள அடிச்சாதான் போக முடியுமா?"

விதியைச் சாக்காக வைத்து ஊமையாக நின்றேன்.

அவர் அடிக்கவே இல்லை. மூன்று உயிரும் போகும்வரை அடி வாங்கினார். பிறகு கன்ட்ரோலரை மெதுவாக வைத்தார்.

"நல்லாதான் செஞ்சிருக்க. நடை அப்படியே இருக்கு."

அப்போதுதான் புனிதா அம்மாவுக்குக் குடிக்க மைலோ வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். "எப்படிம்மா நம்ம கேம்?"

"எனக்கு இதெல்லாம் வராதுலா. வா, வீட்டுக்குப் போலாம்."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

சற்று முன் புனிதாவின் மெசேஜ் வந்தது: "அம்மா கார்ல ஒரு வார்த்த பேசல. என்னடா ஆச்சு?"

ஒரு ஜோக் அடித்தேன், அழித்தேன். இன்னொன்று அடித்தேன், அதையும் அழித்தேன். கடைசியில் நடந்ததை அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன்.

படித்துவிட்டாள்.