உட்காரச் சொல்ல ஆளில்லை

மார்ச் 3

என் செல்லக் கழுதைக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசலாம் என்றால் பாதியிலேயே உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் காகிதம். நாங்கள் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

ஆலையை மூடிய பிறகு முதன்முறையாக ஒரு கம்பெனி என்னைக் கூப்பிட்டிருக்கிறது. பெரிய கிடங்கு, மேற்பார்வையாளர் வேலை. போனில் கேள்வி கேட்டார்கள், கம்ப்யூட்டரில் பரீட்சை வைத்தார்கள், இரண்டிலும் தேறிவிட்டேன். உன் தம்பி என் முதுகைத் தட்டிக்கொடுக்கிறான், காலத்தைப் பார்! இனி நேர்முகம் ஒன்றுதான் பாக்கி. அதுவும் வீட்டிலிருந்தே, கம்ப்யூட்டர் முன்னால்.

இது மட்டும் கிடைக்கட்டும், மறுநாளே அந்த வேலையை உதறிவிட்டு நீ வீடு வந்து சேர். ஊரார் திட்டையெல்லாம் காதில் வாங்கி நீ சம்பாதித்தது போதும்.

உன் அப்பா

மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸ் கழிப்பறையில் ஒளிந்துகொண்டு படித்தேன். சிரித்தேன், கொஞ்சம் அழுதேன். அதற்குள் எங்கள் குழுத்தலைவி கதவைத் தட்டிவிட்டாள். நேற்று ஒருவர், தன் சலவை இயந்திரம் ஓடவில்லை என்று போனில் என்னோடு சேர்த்து என்னைப் பெற்றவர்களையும் திட்டினார். "சிரமத்துக்கு வருந்துகிறோம் சார்" என்றேன். அதற்குத்தான் சம்பளம்.

வீட்டுக்கு வந்துவிட வேண்டும் போலிருக்கிறது அப்பா. எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

நேர்முகத்தில் பழைய முதலாளியைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். எதிரே இருப்பது பொடியனாக இருந்தாலும் மரியாதை குறையக் கூடாது.

அன்பு மகள்

மார்ச் 17

என் செல்லத்துக்கு,

முடிந்தது! தம்பி கம்ப்யூட்டரை மேஜைமேல் திறந்துவைத்து, "நீங்க பேசுங்கப்பா, நாங்க யாரும் வரமாட்டோம்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனான். பார்த்தால் எதிரே ஒரு ஈ காக்கை இல்லை. திரையில் பெரிய பெரிய எழுத்தில் கேள்வி வருகிறது, நாம் பதில் சொல்ல வேண்டும், அது பதிவாகிறது.

நான் வணக்கம் சொல்லிவிட்டு நின்றேன். யாராவது வந்து "உட்காருங்க" என்பார்கள் என்று பார்த்தேன். அதிகாரி சொல்லாமல் என்றைக்கு நான் உட்கார்ந்திருக்கிறேன்? அதற்குள் நேரம் ஓடத் தொடங்கிவிட்டது. நின்றபடியே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வயது தெரியக் கூடாது என்று மூக்குக்கண்ணாடியையும் கழற்றிவிட்டேன். திரை ஓரத்தில் பொட்டு மாதிரி ஏதோ ஒரு படம் தெரிந்தது, அவ்வளவுதான். ஆனால் பதில்கள் பிரமாதம் அம்மா! கதவுக்கு வெளியே உன் அம்மா கைதட்டினாள்.

நீ மூட்டை கட்ட ஆரம்பி.

உன் அப்பா

மார்ச் 24

அன்புள்ள அப்பா,

கம்ப்யூட்டர் மேஜைமேல் இருந்தது, நீங்கள் நின்றீர்கள். அப்படியானால் உங்கள் முகம் அதன் கேமராவில் விழுந்திருக்காதே. அந்தப் பொட்டுப் படம் நீங்கள்தான் அப்பா.

மனசு கேட்காமல் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் பேசினாள். "நாங்க யாரும் பார்க்கல மேடம். முகம் தெரியலைன்னா சிஸ்டமே தள்ளிடும். ஒரு வருஷம் கழிச்சு மறுபடி அப்ளை பண்ணலாம்" என்றாள். எங்கள் அப்பா மரியாதைக்காக நின்றார் என்று சொன்னேன். "சிரமத்துக்கு வருந்துகிறோம் மேடம்" என்றாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

தப்பு உங்களுடையது இல்லை. இதற்காகச் சாப்பிடாமல் இருந்துவிடாதீர்கள்.

அன்பு மகள்

ஏப்ரல் 2

என் கண்ணுக்கு,

உன் கடிதத்துக்கு முன்பே அவர்கள் பதில் வந்துவிட்டது. தங்கள் பொன்னான நேரத்துக்கு நன்றி என்று போட்டிருந்தார்கள். தம்பி அந்தப் பதிவைத் தேடி எடுத்துக் காட்டினான். கழுத்துக்குமேல் ஒன்றுமில்லாமல் ஒரு சட்டை நின்று பேசிக்கொண்டிருக்கிறது. உன் அம்மா முதலில் சிரித்துவிட்டாள். பிறகு எழுந்து சமையலறைக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை.

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, யார்மேல் காட்டுவது? ஒரு மனிதர் இருந்திருந்தால் காலில் விழுந்தாவது கேட்டிருப்பேன், "ஐயா, இன்னொரு தடவை உட்கார்ந்து சொல்றேன்" என்று. வேறு இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன். அங்கும் இதே முறைதானாம், ஆனால் இன்னும் கூப்பிடவில்லை.

மூட்டை கட்டச் சொன்னவன் நான்தான். நீ கட்டியிருந்தால் பிரித்துவிடு அம்மா. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

பொறுத்துக்கொள்.

உன் அப்பா