குறுக்கே பிடித்த கயிறு

தம்பி என்று எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் என் மகள் மீரிமை விண்கப்பலில் ஏற்றி நிலாவுக்குக் கூட்டிப் போனார்கள். நம் கிர்கிஸ் வழக்கப்படி நாங்கள் சின்ன ஓடத்தில் போய் வழிமறித்துக் கயிறு பிடித்தோம். பரிசு தந்தால்தான் பெண்ணை விடுவோம் என்று சிரித்துக்கொண்டிருந்தபோது உன் ரோந்துக் கப்பல் வந்து நின்றது.

"கொள்ளைக்காரப் பசங்களா, கயித்த விடுங்க! இல்லேன்னா சுட்டுப் பொசுக்கிடுவேன்!"

"கல்யாணம்டா, பாவி!" என்று ரேடியோவில் தொண்டை கிழியக் கத்தினேன்.

"யாருகிட்ட கதை விடுற, கிழவி?" என்றாய்.

மாப்பிள்ளையின் அம்மா, மணப்பெண்மேல் தூவ வைத்திருந்த மிட்டாயை மூட்டையோடு வெளியே கொட்டினாள். அது உன் கண்ணாடியில் வந்து மோதிய பிறகுதான் பீரங்கியை வேறு பக்கம் திருப்பினாய்.

கொள்ளையரைப் பிடிப்பது உன் வேலை, சரி. என் கல்யாணத்தில் முதல் ஆளாய்க் கயிறு பிடித்தவன் நீதானே? அழைத்தும் நீ வரவில்லை. தாய்மாமன் பிடிக்க வேண்டிய முனையை வேறு யாருக்கும் கொடுக்காமல் கொக்கியில் மாட்டி வைத்திருந்தேன்.

முதல் அதட்டலிலேயே உன் குரல் எனக்குத் தெரிந்துவிட்டது. என் குரல்தான் உனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
கிழவி.