திரைக்கு முன்னால் ஐந்தாவது வரி

சனிக்கிழமை இரவு

இன்று ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் எங்கள் நாடகம். மேடையில் அரண்மனைக் காட்சியைக் காடாக மாற்றி முடிக்கும்வரை நான் திரைக்கு முன்னால் நின்று பாட வேண்டும். நாலே வரிதான். பாடி முடித்தும் திரை திறக்கவில்லை.

"மரம் சாயுது, நிறுத்தாம பாடு புள்ள!" என்று உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் கத்தினார். ராஜாவும் அவர்தான், மரம் நடுகிறவரும் அவர்தான்.

எனக்கு வேறு பாட்டு வரவில்லை. வீட்டில் ஓர் ஆணிகூட அடிக்காத ராஜா காட்டில் மரம் நடுகிறார் என்று அதே மெட்டில் பாடிவிட்டேன். சனம் விசிலடித்தது. ராஜா வந்து நின்றபிறகும் சிரிப்பு அடங்கவில்லை.

திரும்பி வரும்போது அவர் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். கோபமோ என்று பயந்தேன். எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று மெல்லக் கேட்டார்: "நாளைக்கும் நாடகம் இருக்கே, நீ இன்னும் ரெண்டு வரி பாட, மரத்த கொஞ்சம் மெதுவா நடவா?"